மலையில் மறைந்த நண்பரும் நெய்யூர் வைத்தியரும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)

   

இம்மாதக் கூட்டத்தில் "துக்கமும் விசுவாசமும்" என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் குருவானவன் அல்லன். வேத சாஸ்திரத்தை முறையாகக் கற்றவனும் அல்லன். என்னினும் மூத்தோரும் கற்றோரும் பலர் இச்சபையில் வீற்றிருக்க, இப்பொருளை நான் எடுத்துப் பேசத் துணிந்தமைக்கு ஒரே காரணந்தான் உண்டு. அதனைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நமது சங்கத்து வாலிபர் ஒருவர் இமயமலைச் சாரலில் கால்நடையாகப் பிரயாணம் செய்தபொழுது, பெருமழையால் நேர்ந்த மண்சரிவில் அகப்பட்டு உயிர் நீத்தார். அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் என் பேச்சு மேலே செல்லாது. சொல்லாமலே உங்கள் எல்லோருடைய மனக்கண்ணிலும் அவர் வந்து நின்றுவிட்டார் என்பதை அறிவேன். ஞாயிறு பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சியில் இருந்தவர்கள். ஆறு கரைபுரளும் காலத்தில் நாங்களெல்லோரும் கரையில் நிற்க, அவர் ஒருவர்தாம் குதிப்பார். மருந்துவாழ் மலையுச்சியில் நின்று சூரியோதயம் பார்க்கவேண்டுமென்று நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவார். அவரோடு பழகிய நாள்களெல்லாம் பயமும் சந்தோஷமும் ஒருங்கே கலந்த நாள்கள்.

இமயமலைக்கும் நாங்கள் இருவருமே புறப்பட்டோம். வழியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அடிவாரத்து விடுதியில் படுத்துவிட்டேன். "நீ இளைப்பாறு, நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு நாளை மாலை வந்துவிடுகிறேன்" என்று சொல்லி, எனது கம்பளிச் சட்டையை வாங்கி அணிந்துகொண்டு போனார். அந்த மாலை வந்தது, அவர் வரவில்லை.

ஊர் திரும்பியபின் என்னைக் காண வந்தோர் பலர். அனைவரும் நல்லெண்ணத்தோடு வந்தவர்களே. அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் அவர்கள் சொன்ன ஆறுதல்களை வகைப்படுத்திப் பார்த்தால் நான்கு விதமாக இருந்தன. விதி முடிந்தது என்றனர் சிலர். மலைக்குப் போகாதே என்று எத்தனை தடவை சொன்னோம், கேட்டானா என்றனர் சிலர். கர்த்தருக்கு அவர் தேவைப்பட்டார். இதற்காக அழுவது அவிசுவாசம் என்றனர் சிலர். உனக்கு வந்த காய்ச்சலே கடவுள் உன்னைக் காத்த வழி என்றனர் வேறு சிலர். இந்த நான்காவது ஆறுதலே என்னை மிகவும் வாட்டியது. என்னைக் காக்க ஒரு காய்ச்சலை அனுப்பிய கடவுளுக்கு, அவரைக் காக்க ஒரு காய்ச்சல் கிடைக்கவில்லையா? இக்கேள்வியை வைத்துக்கொண்டு நான் பல மாதங்கள் ஆலயத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் பாடும், மனம் பாடாது.

அந்நிலையில், என்னைப்போல் திரும்பி வந்தவர் எவரேனும் உண்டா, அவர் எங்ஙனம் வாழ்ந்தார் என்று தேடினேன். தூரத்தில் தேடவேண்டியதாக இல்லை. எங்கள் பாட்டனார் வயிற்றுப்புண்ணால் சாகக்கிடந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார வைத்தியர் கையால் பிழைத்தெழுந்த கதையைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். அவ்வைத்தியர் ஒரு பெரிய மலையேறி என்பதும், ஆருயிர் நண்பரை எவரெஸ்டில் பறிகொடுத்தவர் என்பதும் எனக்கு நினைவில் இருந்தும் உறைக்கவில்லை. இப்பொழுதுதான் உறைத்தது. அவரே தியோடர் ஹோவார்டு சோமர்வெல்.

அவர் 1890-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டால் என்னும் ஊரில் பிறந்தார். பாதரட்சை செய்யும் பெரிய தொழிற்சாலைக்கு உரிய குடும்பம் அவருடையது. கேம்பிரிட்ஜில் கற்று, லண்டனில் வைத்தியம் பயின்று, முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசத்தில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தார். 1916-ல் சோம் நதிக்கரைப் போரில், பல ஏக்கர் நிலம் முழுவதும் காயம்பட்ட போர்வீரர்கள் படுத்துக்கிடக்க, விரல்விட்டு எண்ணக்கூடிய சில வைத்தியர்களுள் ஒருவராக நின்று இரவுபகல் ரண சிகிச்சை செய்தவர். ஆகவே, மரணத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் அல்லர் அவர் என்பதை முதலிற் கருதவேண்டும்.

1922-ல் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆங்கிலக் கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கேதான் ஜார்ஜ் மல்லோரியோடு அவருக்கு நட்பு முதிர்ந்தது. மல்லோரி ஒரு குருவானவருடைய புதல்வர், பள்ளி உபாத்தியாயர், மனைவியும் மூன்று குழந்தைகளும் உடையவர். ஏன் இந்த மலையில் ஏறுகிறீர் என்று கேட்டோர்க்கு, அது அங்கே இருக்கிறதே என்னும் கருத்துப்பட விடை சொன்னாரென உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது இவரைப் பற்றியே. பனிக்காற்று வீசும் கூடாரத்தில் இருவரும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஒருவர்க்கொருவர் படித்துக்காட்டுவார்களாம். அவ்வாண்டு மே மாதம் 21-ஆம் தேதி, பிராண வாயுக் கருவி யாதுமின்றி, நார்ட்டன் என்பவரோடு இவ்விருவரும் ஏறக்குறைய 27,000 அடி உயரம் ஏறினர். அதற்கு முன்னர் மனிதர் எவரும் மலைமேல் அவ்வளவு உயரம் சென்றதில்லை.

ஆனால் ஜூன் மாதம் 7-ஆம் தேதி பெருந்துயரம் நேர்ந்தது. புதுப்பனி பெய்து இறுகாதிருந்த சரிவில், மல்லோரியும் சோமர்வெல்லும் மற்றொருவரும் சுமையாட்களை அழைத்துக்கொண்டு ஏறினர். பனிப்பாளம் பெயர்ந்தது. வெள்ளைக்காரர் மூவரும் தப்பினர். சுமையாட்களுள் எழுவர் மாண்டனர். பிற்காலத்தில் தாம் எழுதிய நூலில் சோமர்வெல் இதனை மறைக்கவில்லை. எங்களுள் ஒருவனேனும் அவர்களோடு மடிந்திருக்கலாகாதா, உயிர்பிழைத்த தோழர்களுக்கு நாங்களும் அவர்கள் இழப்பில் பங்காளிகள் என்று காட்டியிருக்கலாமே என்று தாம் ஏங்கியதை அவர் மனம்விட்டு எழுதியிருக்கிறார். மல்லோரியும் அப்பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு வருந்தினார். இங்கு நாம் ஒன்று கவனிக்கவேண்டும். கடவுள் சித்தம் என்று ஒரு வார்த்தை சொல்லி, பனியின் இயல்பைச் சரியாக மதியாத மனிதப் பிழையை அவர்கள் மூடிவிடவில்லை. விசுவாசம் என்பது நம் தவற்றுக்குப் போர்வையன்று.

அத்துயரத்தின் பின் சோமர்வெல் உடனே சீமைக்குத் திரும்பாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு கன்னியாகுமரி வரையில் வந்தார். அப்போது திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்திருந்த நெய்யூரில், 1838 முதல் லண்டன் மிஷன் வைத்திய ஊழியம் நடந்துவந்த ஆஸ்பத்திரியைக் கண்டார். கணக்கற்ற நோயாளிகளுக்கு நடுவே தகுதிபெற்ற ரண வைத்தியர் ஒருவரே பாடுபடுவதைக் கண்டு மனம் உருகினார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த பதவியை விட்டு, அடுத்த ஆண்டே நெய்யூரில் வந்து அமர்ந்தார். 1924-ல் எவரெஸ்டுக்கு மறுபடியும் அழைப்பு வந்தபோது நெய்யூரிலிருந்தே புறப்பட்டுப் போனார்.

அந்த 1924-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். மே மாதம் 24-ஆம் தேதி, ஏறக்குறைய 23,000 அடி உயரத்து வடகணவாயில் சுமையாட்கள் நால்வர் புயலில் சிக்கி இறங்க மாட்டாமல் நின்றனர். நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் நோயாளிகளாய் இருந்தும் அவர்களை மீட்கச் சென்றனர். இடையில் இருந்த ஆபத்தான சரிவைக் கடக்க, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முன்சென்றவர் சோமர்வெல். கயிறு போதவில்லை, நால்வரும் நின்ற இடத்திற்குச் சற்று இப்பாலே முடிந்துவிட்டது. இருவர் எப்படியோ வந்து சேர்ந்தனர். மற்ற இருவரும் சேர்ந்து அடிவைத்தபோது பனி நழுவி, பாதாளத்தின் விளிம்பில் போய் நின்றனர். சோமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஊன்றிய கோடரியில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு மறுகையை நீட்டி, ஒருவர் பின் ஒருவராகப் பிடரியைப் பிடித்து இழுத்து மீட்டார். இரண்டாண்டுக்கு முன் அதே மலைச்சரிவில் எழுவரைக் காக்கமாட்டாத கை, அன்று நால்வர் உயிரைக் காத்தது.

ஜூன் மாதம் 4-ஆம் தேதி நார்ட்டனும் சோமர்வெல்லும் சிகரத்தை நோக்கி ஏறினர். குளிர்ந்த வறட்காற்றால் சோமர்வெல்லின் தொண்டை புண்ணாகி மூச்சுவிட முடியாமற் போயிற்று. 28,000 அடி அளவில் அவர் உட்கார்ந்துவிட்டு, நீர் போம் என்று நார்ட்டனை அனுப்பினார். நார்ட்டன் 28,126 அடி வரையில் சென்று திரும்பினார். இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ அடைத்து மூச்சு நின்றது. முன்னே சென்ற நண்பருக்குக் குரல்கொடுக்கவும் இயலவில்லை. இறப்பது திண்ணமென்று பனியில் அமர்ந்தார். கடைசியாக இரு கைகளாலும் தம் மார்பை ஓங்கி அழுத்த, அடைத்திருந்தது இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. புண்பட்ட தொண்டையின் உட்தோலே அது. மூச்சு வந்தது, பிழைத்தார்.

அவர் திரும்பினார், மல்லோரி புறப்பட்டார். தம்முடைய சிறிய கோடக் காமிராவைச் சோமர்வெல் மல்லோரிக்கு இரவலாகக் கொடுத்தார். 22 வயது வாலிபராகிய ஆண்ட்ரூ இர்வினைத் துணைகொண்டு மல்லோரி ஏறினார். ஜூன் 8-ஆம் தேதி பகல் 12 மணி 50 நிமிஷத்துக்கு மேகம் விலகியபோது, சிகரத்தை அடுத்த முகட்டில் இரு கரும்புள்ளிகள் அசைவதை ஓடெல் என்பவர் கீழிருந்து கண்டார். மேகம் மறுபடி மூடிற்று. அதன்பின் அவ்விருவரையும் உயிரோடு கண்டவர் இல்லை. ஓடெல் தனியே இருமுறை மேலேறித் தேடினார். பயனில்லாமற் போகவே, வடகணவாயின் பனிமேல் கம்பளிகளைச் சிலுவை வடிவமாக விரித்தார்கள். நம்பிக்கையற்றது என்று கீழேயிருந்தோர்க்குத் தெரிவிக்கும் அடையாளம் அது.

அன்பர்களே! அந்தச் சிலுவையை நான் பலநாள் சிந்தித்திருக்கிறேன். மலையேறிகளுக்கு அது மரணச் செய்தியைத் தெரிவிக்கும் வெறுங்குறி. சோமர்வெல் போன்ற விசுவாசிக்கோ, அதே வடிவம் வேறொன்றையும் சொல்லும். மரணத்தின் குறியும் நம்பிக்கையின் குறியும் ஒன்றாகவே இருக்கின்றன. துக்கம் ஒருபுறமும் நம்பிக்கை மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒரே இடத்தில் கிடக்கின்றன.

நிற்க. இத்துயரத்தைச் சோமர்வெல் எவ்வாறு ஏற்றார்? இச்செய்தி மிகவும் கொடியது என்றே தம் குறிப்பில் எழுதினார். உயர்ந்த முயற்சியில் உயிர்விடுவதினும் மேலான மரணம் அரிது என்றும் எழுதினார். இரண்டையும் ஒருங்கே எழுதினார் என்பதே எனக்கு முக்கியம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அவர் அழிக்கவில்லை.

எழுதியதோடு நிற்கவில்லை. பீத்தம் என்னும் தோழரோடும் சுமையாட்களோடும் சேர்ந்து, அடிமுகாமில் கற்களைக் குவித்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். மூன்று பிரயாணங்களிலும் இறந்த 12 பேரின் பெயர்களும் அதிற் பொறிக்கப்பட்டன. 1921-ல் வழியிலேயே இறந்த கெல்லாஸ், 1922-ல் பனியில் புதையுண்ட சுமையாட்கள் எழுவர், 1924-ல் மல்லோரியும் இர்வினும், நோயால் இறந்த கூர்க்கா வீரர் ஷம்ஷெர், குளிரால் பாதங்கள் அழுகி இறந்த மான் பகதூர். இந்த மான் பகதூர் கூட்டத்துக்குச் செருப்புத் தைத்துக்கொடுத்த தொழிலாளி. பாதரட்சைத் தொழிற்சாலை முதலாளி வீட்டுப் பிள்ளை, செருப்புத் தைத்தவர் பெயரையும் தம் உயிர்நண்பர் பெயரையும் ஒரே கற்குவியலில் வைத்தார். சங்கம் வைத்துச் சமத்துவம் பேசும் நாம் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். துக்கம் உண்மையானால் அது நம்மவர், பிறர் என்று பாராது.

நம் முன்னோரும் இறந்த வீரருக்குக் கல் நட்டவர்களே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்த வரலாறு புறநானூற்றில் இருக்கிறது. அவனோடு தானும் உயிர்விட வந்த பொத்தியார் என்னும் புலவரை, உனக்கு மகன் பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். நண்பனில்லாத உறையூரைக் கண்டு பொத்தியார் அழுத அழுகை பாட்டாக நிற்கிறது. பிசிராந்தையார் நண்பனோடு இறந்தார். அவரை நாம் புகழ்கிறோம். ஆனால் நண்பனை இழந்தபின் இட்ட கடமைக்காகச் சில காலமேனும் வாழ்ந்திருந்த பொத்தியாரை யார் நினைக்கிறோம்? உடன் சாவதினும் பின்வாழ்வது சில வேளைகளில் கடினமானது. சோமர்வெல் பொத்தியாரின் இனத்தவர்.

இனி, கிறிஸ்தவ விசுவாசம் இத்தகைய துக்கத்தில் என்ன செய்கிறது என்பதை என் சிற்றறிவுக்கு எட்டியவரையில் மூன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அது அழுவதற்கு அனுமதி தருகிறது. யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தில், தம் நண்பன் லாசருவின் கல்லறையருகே கிறிஸ்து கண்ணீர் வடித்தார் என்று காண்கிறோம். சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவதை அறிந்தவரே அழுதாரானால், நாம் அழுவது அவிசுவாசமாவது எப்படி? அதே அதிகாரத்தில் லாசருவின் சகோதரிகள், நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் மரித்திரானே என்று ஆண்டவரிடமே குறைசொல்கிறார்கள். அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. கடவுளோடு வழக்காடுவதும் ஜெபத்தின் ஒரு வகையே என்று நான் அங்கே கற்றேன்.

இரண்டாவது, அது தீர்ப்புச் சொல்ல மறுக்கிறது. சீலோவாம் என்னும் இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தனர். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகப் பாவிகளா என்று கிறிஸ்துவே கேட்டு, இல்லை என்று விடையும் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். கோபுரம் விழுவதும் பனி சரிவதும் மண் பெயர்வதும் மனிதனின் நன்மை தீமையைக் கணக்கிட்டு நிகழ்வன அல்ல. ஆகவே இறந்தவர் தண்டிக்கப்பட்டார் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதுபோலவே, தப்பியவன் தகுதியால் தப்பினான் என்று சொல்லவும் உரிமை இல்லை. இதனை உணர்ந்த நாளில்தான் என் காய்ச்சலைப் பற்றிய கேள்வி என்னைவிட்டு நீங்கிற்று. அதற்கு விடை கிடைக்கவில்லை. அது கேள்வியே அன்று என்று தெரிந்தது.

மூன்றாவது, ஏன் நேர்ந்தது என்னும் வினாவை எடுத்து வைத்துவிட்டு, இனி உன் கை என்ன செய்யப்போகிறது என்னும் வினாவை அது நம்முன் வைக்கிறது. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாவதைக் குறித்த கிறிஸ்துவின் உவமையை நாம் அறிவோம். நிலத்தில் விழுந்த மணி தானாகக் கதிராகலாம். ஆனால் நண்பன் வாழ்வு நம்மிடம் விதைத்தது முளைப்பதும் பட்டுப்போவதும் நம் கையில் இருக்கிறது.

சோமர்வெல்லின் கை என்ன செய்தது என்பதற்கு நெய்யூரே சாட்சி. எவரெஸ்டிலிருந்து இறங்கியவர் நெய்யூருக்குத் திரும்பி, கத்தியைக் கையில் எடுத்தார். நமது நாட்டில் மலிந்திருந்த குடற்புண்ணுக்கு ரண சிகிச்சை செய்வதில் உலகம் மதிக்கும் நிபுணரானார். அதைக் குறித்து நூலும் எழுதினார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்க்கு ரண வைத்தியம் போதித்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, 1975-ல் தம் தாய்நாட்டில் காலமானார். திருவனந்தபுரம் மாவட்டத்துக் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மலையை வெறுக்கவுமில்லை, மலையேறுவதை விட்டுவிடவுமில்லை. முதுமையில் ஆங்கிலேய மலையேறிகள் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். நண்பரைக் கொன்ற மலையை அவர் பகைவனாகக் கொள்ளவில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். மல்லோரியும் இர்வினும் சிகரத்தை அடைந்தபின் இறந்தார்களா, அடையுமுன் இறந்தார்களா? சோமர்வெல் அரை நூற்றாண்டு காலம் இதற்கு விடை தெரியாமலே வாழ்ந்து, தெரியாமலே மறைந்தார். அவர் இறந்து 24 ஆண்டுகள் சென்றபின், 1999-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி, 26,760 அடி உயரத்தில் மல்லோரியின் உடல் பனியில் கண்டெடுக்கப்பட்டது. அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டது. 2024-ல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு கூடிய ஒரு பாதம் கீழே பனியாற்றில் கிடைத்தது. ஆனால் சோமர்வெல் கொடுத்தனுப்பிய காமிரா இதுவரை கிடைக்கவில்லை. விடை அதற்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விடை கிடைத்தபின் வாழத் தொடங்குவோம் என்று அவர் காத்திருந்தால், எங்கள் பாட்டனார் பிழைத்திருக்கமாட்டார். நானும் இங்கு நின்று பேசியிருக்கமாட்டேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளை மலைக்கும் கடலுக்கும் அனுப்பலாமா என்று இவ்வோராண்டாகப் பலர் என்னைக் கேட்கிறார்கள். வீட்டுக்குள் பூட்டிவைத்தால் உயிர் நிலைக்கும் என்பது உறுதியானால் பூட்டலாம்; நிலையாமை வாசற்படியில் நின்றுவிடுவதில்லை. ஆயினும் தைரியம் வேறு, அஜாக்கிரதை வேறு. மழையையும் மண்ணையும் அறிந்தோர் சொல்லைக் கேளாமல் போவது தைரியமன்று. 1922-ல் அந்தப் பனிச்சரிவு கற்பித்ததும் அதுவே. பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்தறியக் கற்பிப்போம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் நல்லது அது ஒன்றே. வாய் திறந்து விளக்கஞ்சொல்லத் தொடங்கிய பின்னர்தான் அவர்கள் பிழைசெய்தார்கள். ஆகவே காரணம் சொல்லாதீர்கள். காப்பி போட்டுக் கொடுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். முதல் மாதம் எல்லோரும் வருகிறோம். ஆறாம் மாதம் ஒருவரும் வருவதில்லை. ஆறாம் மாதம் போங்கள்.

முடிக்குமுன் ஒன்று சொல்லவேண்டும். என் நண்பருடைய அன்னையார் இச்சபையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய அன்று அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அஞ்சி, வாசலிலேயே நின்றேன். ஏன் அவனைத் தனியே விட்டாய் என்று அவர்கள் கேட்பார்கள் என எண்ணினேன். கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் எழுந்துவந்து என் கையைப் பிடித்து, "நீயாவது வந்து சேர்ந்தியே, மக்களே!" என்றார்கள். அம்மா! அவ்வார்த்தையை விளங்கிக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. நான் இதுகாறும் சொன்ன பிரசங்கம் முழுவதும் நீங்கள் அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு உரையேயன்றி வேறில்லை.

அவர் சனிக்கிழமைதோறும் நமது சிறுவர்களுக்கு ஆற்றில் நீந்தக் கற்பித்துவந்தார். ஓராண்டாக அது நின்றுபோயிற்று. அவரைப்போல் எனக்கு நீந்தத் தெரியாது. கரைபுரளும் ஆற்றில் குதிக்கவும் மாட்டேன். ஆயினும் ஆழமற்ற துறையில் சிறு பிள்ளைகளுக்குக் கைகால் அசைக்கக் கற்பிக்க என்னால் ஆகும். வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு நான் படித்துறையில் இருப்பேன். பிள்ளைகளை அனுப்பிவைக்கும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

 துக்கப்படுகிற யாவரையும் தேவன் தேற்றுவாராக.